கேப்டன் விருந்துக்கு வந்த வேட்டி

பினாங்கு கப்பலின் முதல் வகுப்புச் சாப்பாட்டுக்கூடத்து வாசலில் பதினொரு வருஷமாக நின்றே காலம் தள்ளிக்கொண்டிருந்தவர் காரைக்குடி சம்சுதீன். கோட்டும் டையும் இல்லாதவர்களைக் கேப்டன் விருந்துக்குள் விடாமல் தடுப்பதுதான் வேலை. நடுக்கடலில் யார் பார்க்க இந்த வேஷம் என்று அவருக்கே சலித்துவிட்டது.

அறுபத்து நாலாம் வருஷம் ஒரு சாயங்காலம், நெற்குப்பைச் செட்டியார் ஒருவர் சலவை வேட்டியும் துண்டுமாக வந்து அழைப்பிதழை நீட்டினார். ஊர்ப்பக்கத்துக்காரரைத் திருப்பியனுப்ப சம்சுதீனுக்கு மனசு வரவில்லை. இரவலுக்கென்று வைத்திருந்த கோட்டை மாட்டிவிட்டு, டையையும் தானே கட்டிவிட்டார். வேட்டியை மறைக்கத்தான் வழியில்லை. மற்றவர்கள் வருமுன் அவரை மூலை மேசையில் உட்காரவைத்து, விரிப்பைக் கால்வரை இழுத்துவிட்டார்.

"எல்லாரும் போறவரைக்கும் எந்திரிச்சிராதீக ஐயா. யாரும் பாத்தா என் வேலை போயிரும்."

இரண்டு மணி நேரம் செட்டியார் அசையவில்லை. வாசலில் நின்ற சம்சுதீனும் அந்த விரிப்பின் ஓரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் போய்ப் பார்த்தால், தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது.

"என்னய்யா, ஒண்ணுமே சாப்பிடலையே?"

"இன்னிக்குக் கார்த்திகை விரதம் தம்பி. அழைப்பு வச்சிருக்காக, முகம் காட்டாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

சம்சுதீன் பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கூடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.