மூர்த்தி அண்ணன் நட்ட கழிகள்

ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது: பெங்களூர் சந்தாபுராவில் எங்கள் தெருவின் பொது மோட்டார், இன்று ஞாயிறு காலை, தண்ணீர் ஏற்றும் பணியிலேயே இறுதி மூச்சை விட்டது. பல்லாண்டுகள் முனகிக்கொண்டே உழைத்த அன்னாரின் பிரிவால் வாடும் குடும்பங்கள் தத்தம் குடங்களைத் தாமே சுமக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றன.

சென்ற ஞாயிறு இதை, பெங்களூருக்குப் பிழைக்க வந்த நம் கடலோர ஊர்க்காரர்களின் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டவன் அடியேன்தான். கண்ணீர் பொம்மைகள் குவிந்தன. யாரோ மோட்டார் படத்துக்கு மாலையே போட்டு அனுப்பினார்கள். நான் சிரித்துக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து அம்மா கத்தினாள்: "டேய், போனைக் கீழ வைடா! மோட்டார் பாக்க சம்ப்புத் தொட்டிக்குள்ள எறங்கின மூர்த்திக்கு ஷாக் அடிச்சிடுச்சாம். போயிட்டான்டா!"

செய்தி குழுவுக்கு வந்தபோது ஞாயிற்றுக்கிழமைச் சமையல் ஆரம்பித்திருந்தது. கண்ணீர் பொம்மைகளின் எண்ணிக்கையில் அவரை மோட்டார்தான் ஜெயித்தது. வேண்டுமானால் மேலே தள்ளிப் பாருங்கள், இன்னும் அங்கேயே இருக்கிறது.

மூர்த்தி அண்ணனோடு பழகியவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே அவர் தங்கமான மனிதர் என்று கதை விட முடியாது. ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். தெருவில் யார் வீட்டு ஃபேன் நின்றாலும் அவர் வருவார். ஃபேன் சுற்றத் தொடங்கியதும் கீழே உட்கார்ந்து கடலைப் பற்றிப் பேசத் தொடங்குவார். ஃபேனை மறுபடி நிறுத்தி அவரை எழுப்பிய வீடுகள் உண்டு. நம் ஊருக்குப் பக்கத்தில் அணு உலை இருக்கிறது, அதன் கழிவை வேலிக்குள் சேர்த்து வைத்திருக்கிறார்கள், கடல் ஏறிக்கொண்டே வருகிறது, அந்த வேலியைத் தொடுவதற்குள் கழிவை உள்நாட்டுக்கு மாற்ற வேண்டும். இதுதான் அவருடைய ஒரே பாட்டு. அலைக்காக இப்படி அலைந்த ஆளை நான் பார்த்ததில்லை.

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு கடலுக்குப் பயப்படுகிற மனிதரை என்னைப் போன்றவன் சும்மா விட முடியுமா? ஒருநாள் அவர் வீட்டுக் கதவில், தாழ்ப்பாள் உயரத்துக்கு நீல பெயிண்டில் ஒரு கோடு இழுத்து, 'கடல் இன்று' என்று எழுதிவைத்தேன். தெருவே கூடிச் சிரித்தது. அவர் வெளியே வந்து கோட்டை உற்றுப் பார்த்தார்.

"யார்றா போட்டது? நீதானே? இவ்ளோ உசரத்துக்கு இன்னும் வரலைடா. அளவு தப்பு. அழிச்சிட்டுக் கீழ போடு."

"எவ்ளோ கீழண்ணா?"

"ஊருக்கு வா, காட்டறேன்."

அன்று சாயங்காலம் மேட்ச் கடைசி ஓவரில் எங்கள் வீட்டு ஃபியூஸ் மட்டும் காணாமல் போனது. ஜன்னலுக்கு வெளியே அவர் குரல்: "கடல் வந்துடுச்சுடா. கரண்ட் கட்டு!"

அவரை நான் கோபமாகப் பார்த்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். மாசி மகத்தன்று சாமி கடலுக்கு வருவதற்கு முன்னால் ஒருவர் வெறுங்காலோடு கரையில் நிற்பார். அலை காலைத் தொட்டால் ஓர் அடி பின்னால் வருவார். தொடாத இடம் வந்ததும் அங்கே ஒரு சவுக்குக் கழி நட்டு, அதன் பக்கத்தில் சாமியை இறக்குவார்கள். நட்ட கழியைப் பிடுங்குவதில்லை. பழைய கழிகள் இப்போது தண்ணீருக்குள் நிற்கின்றன. அடுத்தடுத்தவை வரிசையாக அணு உலை வேலியை நோக்கி வருகின்றன.

அந்த வரிசையை நிறுத்தியவர்கள் வேறு யாருமில்லை, நாம்தான். ஜிகனியிலும் சந்தாபுராவிலும் கிரானைட் அறுத்துக் கொஞ்சம் தலை நிமிர்ந்ததும் நமக்குப் பெருமை வந்துவிட்டது. சாமி மணலில் நிற்பதா? பளபளவென்று ஒரு கிரானைட் மேடை செய்து, நம் பெயர்களை வெட்டி, லாரியில் ஏற்றி அனுப்பினோம். சாமி அதிலேயே நின்றது. அலை வந்து முதல் படியை நனைத்த வருடம் இன்னொரு படி சேர்த்தோம்.

மேடைக்குச் சங்கம் கை தூக்கிய கூட்டம் எனக்கு நினைவிருக்கிறது. தூக்காத ஒரே கை அவருடையது.

"சாமியக் கட்டிப் போடறீங்க. கடல் எங்க வந்துச்சுன்னு இனிமே எவன் சொல்வான்?"

தலைவர் சிரித்தார். "நீ சொல்ற மாதிரி அந்தக் கழிவ உள்ளுக்குக் கொண்டாந்தா எங்கப்பா வைக்கிறது? உன் வீட்டு மாடியிலயா?"

"நம்ம தெரு சம்ப்புல வைங்க தலைவரே. அதுலதான் தண்ணியே வராதே."

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த சம்ப்பிலிருந்துதான் அவரைத் தூக்கி எடுத்தார்கள். முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை.

பிறகு ஊரில் அந்தக் கழிவு பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. கடல் உள்ளே வந்திருப்பதற்கு என்ன அத்தாட்சி என்று அதிகாரிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம் பெரியவர் ஒருவர் எழுந்து மேடையைக் கைகாட்டிப் பெருமையாகச் சொன்னார்: "எங்க சாமி எப்பவும் அதே எடத்துலதான் சார் நிக்குது." எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்கப்புறமும் மூர்த்தி அண்ணன் மட்டும் ஒவ்வொரு மாசி மகத்துக்கும் தனியாகக் கரையில் நின்று கழி நட்டார். மேடையில் மேளம் அடிக்கும், கீழே இவர் ஒற்றையாகப் பின்னால் நடப்பார். சின்னப் பிள்ளைகள் அதைப் பார்க்கவே வருவார்கள். "கழிவுக்கும் நமக்கும் நடுவுல இந்தக் கழிதாண்டா நிக்குது" என்பார். என் அளவுக்கு வார்த்தை விளையாட்டு தெரிந்த ஒரே ஆள் அவர்தான். சென்ற வருடம் அவரோடு இறங்கியவன் நான். பெங்களூரில் பிறந்த பையன் கடலுக்கு நடுங்குவான் என்று சொன்ன அத்தனை பேரும் கேட்டுக்கொள்ளுங்கள்: அலைக்கு முன்னால் நின்று கழி நட்டவன் அடியேன். இதைச் சந்தாபுராவிலிருந்து ஒக்கலிபுரம்வரை சொல்லாத ஆள் இல்லை.

இப்போது இரங்கல் கூட்டத்துக்கு வருகிறேன். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூர்த்தி நம்ம பையன். அவன் நட்ட கழிங்க சும்மா மணல்ல நிக்குது. எல்லாத்தையும் புடுங்கி, இந்த மாசி மகத்துக்கு அவன் பேர்லயே அன்னதானப் பந்தல் போட்டுடலாம்." கைதட்டினீர்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டிய சங்கம் உலகத்திலேயே நம்முடையதாகத்தான் இருக்கும்.

மூலையில் உட்கார்ந்திருந்த சுமதி அண்ணி, புருஷன் போய் வாரம்கூட ஆகாதவர், தலையை நிமிர்த்தினார். "பந்தல் வேணாம் தலைவரே. கழிய மட்டும் விட்டுடுங்க. அது ஒண்ணுதான் அவரு கேட்டது."

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா. நெழல் எல்லாருக்கும்தானே" என்றார் தலைவர், பாதிக் கன்னடத்தில்.

அண்ணி எழுந்து வெளியே போனார். நானும் கைதட்டியவர்களோடுதான் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். பிடுங்காதீர்கள். அந்த வரிசை போய்விட்டால் கடல் வந்ததைச் சொல்ல நம்மிடம் வழவழப்பான கிரானைட்தான் மிஞ்சும்.

அவருடையதாக என்னிடம் இருப்பது ஒரு சவுக்குக் கழி. அது எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. சென்ற வருடம் முதல் அலை சத்தம் போட்டுக்கொண்டு வந்ததுமே நான் ஓடினேன். காலைத் தொடும் முன்பே ஓடினேன். அடுத்ததற்கும் ஓடினேன். நின்றபோது வேலி என் முதுகில் இடித்தது. மானத்தைக் காப்பாற்ற அங்கேயே கழியை ஊன்றி, "இங்கதாண்ணா!" என்று கத்தினேன். அது அங்கேயே நின்றிருந்தால் அவர் கட்சிக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடைத்திருக்காது. அவர் வந்து குனிந்து மணலைத் தொட்டார். காய்ந்திருந்தது.

"உன் பயம் எதுவரைக்கும் வந்துச்சோ அங்க நட்டிருக்கே. கடல் எதுவரைக்கும் வந்துச்சோ அங்க நடணும்டா."

பிடுங்கி எடுத்து என் கையில் கொடுத்தார். வேறொரு கழியோடு தானே போய் அலைக்கு முன்னால் நின்றார். ஆகவே அந்த வரிசையில் நான் நட்டது ஒன்றுகூட இல்லை. பந்தலுக்குக் கழி வேண்டுமென்றால் என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மொட்டை மாடியில் துணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. அம்மா காயப்போட்ட துணியை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள்.