தாழம்பூவோடு வருகிறவர்

குத்தாலிங்கம் அண்ணாச்சி இறந்த செய்தியை அவருடைய மருமகன் மேலகரத்திலிருந்து சைக்கிளில் வந்து சொன்னார். "மாமா விடியக்காலம் தவறிட்டாங்க" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "நீங்க நேர்ல பாத்துட்டுத்தான் வாரியளா?" என்பது. சாவுச் செய்தி சொல்ல வந்த மனிதரிடம் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். ஆனால் அண்ணாச்சியின் கீழே பத்து வருஷம் வேலை பார்த்தவனுக்கு வேறு கேள்வி வராது. தென்காசியில் நம் அலுவலகத்தில் அவரோடு பழகிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தலைமை எழுத்தர் நாற்காலியில் இருந்த காலமெல்லாம் அவர் எதையும் லேசில் நம்பியதில்லை. மழை பெய்கிறது என்றால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் 'ஆமா' என்பார். அருவியில் தண்ணீர் கொட்டும் சாரல் காலம் தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். தப்பு அவர் மேல் மட்டும் என்று சொல்ல மாட்டேன். ஐந்தருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் நம்மில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்துவிடும். மதுரையிலிருந்து மச்சினன் வந்திருப்பான், சகலை வந்திருப்பார், அவர்களைக் குளிக்கக் கூட்டிப்போக வேறு வழி?

லீவு போட்டவர் வீட்டுக்கு அண்ணாச்சி அன்று சாயங்காலமே வந்து நிற்பார். நோயாளியைப் பார்க்க நாமெல்லாம் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிப் போவோம். அவர் கையில் ஒரு தாழம்பூ இருக்கும். மேலகரத்து ஓடைக்கரையில் பறித்தது. காய்ச்சல்காரனுக்குப் பூ எதற்கு என்று வீட்டுப் பெண்கள் முகம் சுளிப்பார்கள். அவர் பொருட்படுத்தாமல் மடலை விரித்துக் கட்டில் பக்கம் நீட்டுவார். ஐந்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார். மறுநாள் சிலருடைய லீவு மட்டும் ரத்தாகியிருக்கும். காதர் மைதீனை அப்படித்தான் பிடித்தார். எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று அப்போது நம்மில் யாருக்கும் பிடிபடவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நான் தற்காலிக வேலையில் சேர்ந்த முதல் சாரலிலேயே எனக்கு நிஜக் காய்ச்சல் வந்தது. அண்ணாச்சி தாழம்பூவோடு வந்தார். அந்த வாசனையில் எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஆனால் மேலதிகாரி, வயதில் மூத்தவர், வீடு தேடி வந்து பூ நீட்டுகிறார். முகத்தைத் திருப்பினால் என்ன மரியாதை? மூக்கருகே வாங்கி, "நல்ல வாசம் அண்ணாச்சி" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் சீட்டு வந்தது, உடம்பு தேறிவிட்டதாகத் தெரிகிறது, இன்றே வேலைக்கு வரவும் என்று. போகாவிட்டால் வேலை இருக்காது. போனேன். பதினோரு மணி சுமாருக்கு மேஜை மேலேயே மயங்கி விழுந்தேன்.

டைபாய்டு என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தேன். அத்தனை நாளும் அண்ணாச்சி ஆபீஸ் முடிந்து நேரே வந்தார். ஒரு நாள் செம்பருத்தி, ஒரு நாள் காகிதப்பூ. ஜன்னல் மேல் வைத்துவிட்டு ஸ்டூலில் வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். "இன்னும் வேவு பாக்கத்தான் வாரார்" என்றாள் என் மனைவி. நானும் அப்படித்தான் நினைத்தேன், அவர் வரும் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வேன். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் எதற்கு இந்தப் பூவெல்லாம் என்று கேட்டுவிட்டேன்.

"வாசமில்லாத பூவாத் தேடுதேன் வே" என்றார். பிறகு, யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னார். "நெசக் காய்ச்சக்காரனுக்குத் தாழம்பூ வாசம் கொமட்டும். மோந்து பாத்து நல்லாருக்குன்னு சொல்லுதவன் அருவியில குளிச்சிட்டு வந்தவன். இதுவரைக்கும் தப்புனது இல்ல. நீரு எதுக்குவே நல்லாருக்குன்னீரு?"

மரியாதைக்குச் சொன்னேன் என்றேன். நோயாளி மரியாதைக்குப் பொய் சொல்வான் என்பது அவர் கணக்கிலேயே இல்லை. அடுத்த சாரலிலிருந்து அவர் யார் வீட்டுக்கும் பூ கொண்டுபோகவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வேறொரு பழக்கம் வந்தது. உடம்பு முடியவில்லை என்று சொல்லி அனுப்புவார். விழுந்தடித்துப் போனால் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். "வாரீரான்னு பாத்தேன்" என்பார். இரண்டு தடவை ஏமாந்தேன். போன மாதம் மூன்றாவது தடவை ஆள் வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. போகிற வழியில் ஓடைக்கரையில் இறங்கி, நன்றாக விரிந்த தாழம்பூ ஒன்றைத் தேடிப் பறித்தேன்.

அண்ணாச்சி படுத்திருந்தார். பூவை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாங்கி நிதானமாக முகர்ந்தார்.

"நல்ல வாசம்வே" என்றார். பூவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, "நம்ம ஆபீஸ் ஆளுகளை எல்லாம் ஒரு தரம் பாக்கணும் போல இருக்கு. சொல்லுதீரா?" என்றார்.

ஆளைப் பிடித்துவிட்ட திருப்தியோடு நான் திரும்பினேன். உங்களில் காதர் மைதீன் உட்பட நான்கு பேர் அவர் எப்படி இருக்கிறார் என்று என்னிடம் கேட்டீர்கள். ஒன்றுமில்லை, வழக்கமான நாடகம், மெதுவாகப் போய்ப் பாருங்கள் என்றேன். என் பேச்சை நம்பி யாரும் போகவில்லை. நான்காம் நாள் அவர் போய்விட்டார். அவரைக் கடைசியாகப் பார்க்கவிடாமல் உங்களைத் தடுத்தவன் நான்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பதினாறு முடிந்து கிளம்பும்போது அவர் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அன்னிக்கு நீங்க தெருமுனை தாண்டுனதும் அப்பா பூவை வெளிய போடச் சொன்னாங்க. ராத்திரி பூரா கொமட்டல். ஏன் அப்பா வாங்குனீங்கன்னு கேட்டதுக்கு, ஆசையாக் கொண்டாந்திருக்கான், வேண்டாம்னு சொல்ல முடியுமான்னாங்க."

அந்தச் சோதனையைக் கண்டுபிடித்தவருக்கே நான் எதற்குத் தாழம்பூ கொண்டுவந்தேன் என்று தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் முகர்ந்தார் என்று நினைக்கிறேன். இல்லை, மகளிடம் சொன்னதுபோல ஆசையோடு கொண்டுவந்ததாகவே நம்பிவிட்டாரோ? எதையும் நம்பாத மனிதர் கடைசியில் என்னை நம்பியிருப்பாரோ என்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

அவருடைய சந்தேகத்தை நான் வைத்துக்கொண்டேன், ஆனால் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். போன வாரம் காதர் மைதீனுக்குக் காய்ச்சல் என்று பார்க்கப் போனேன். வெறுங்கையோடுதான் போனேன். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கேன், நீங்க கெளம்புங்க" என்றார். நான் கிளம்பவில்லை.