கூஜாத் தண்ணீரும் தெர்மாமீட்டரும்

நெற்றியில் திருமண், கையில் காவேரித் தண்ணீர்க் கூஜா. மதுவிலக்கு அமலில் இருந்த திருச்சியில் உட்கார்ந்துகொண்டு, பெங்களூர் பீர் ஆலை ஒன்றுக்குக் குளிர்சாதன அமைப்பை வடிவமைத்த ஸ்ரீரங்கத்து இன்ஜினீயர் அவர். நான் அவரிடம் டிராஃப்ட்ஸ்மேன்.

"இது பாவமில்லீங்களா சார்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"பீர்லேர்ந்து நான் சூட்டைத்தானே ஓய் எடுக்கறேன்? சூட்டுக்கு ஏது தீட்டு?" என்றார்.

ஆலையில் முதல் பீர் தயாரான அன்று என்னையும் அழைத்துப் போனார். முதல் கிளாஸை அவரிடம் நீட்டினார்கள். சட்டைப்பையிலிருந்த தெர்மாமீட்டரை அதில் விட்டுப் பார்த்து, "பேஷ், அமிர்தம்!" என்றார். பிறகு கூஜாத் தண்ணீரில் தெர்மாமீட்டரை மூன்று முறை கழுவி, என்னிடம் கொடுத்தார்.

"ஆத்துக்கு எப்படி எடுத்துண்டு போறது? நீரே வச்சுக்கும்."

இன்றும் வைத்திருக்கிறேன். தீட்டு எத்தனை டிகிரி என்று மட்டும் அது காட்டியதே இல்லை.