வெள்ளிக்கிழமை கொடுத்த பாஸ்போர்ட்

திருத்தணிக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் உள்ள தண்டவாளத்தில், தினமும் காலை ஆறு மணிக்கு எல்லப்பன் நடந்துகொண்டிருப்பான். தோளில் நீளப் பிடி போட்ட சுத்தி, பையில் ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி. தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் கிளிப்புகளில் எதுவும் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வது அவன் வேலை. ரயில்வேயில் அதற்குக் கீமேன் என்று பெயர். பத்தொன்பது வருஷத்தில் அவன் நடந்த பாதையில் ஒரு வண்டிகூடத் தடம் புரண்டதில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரிகிற கிளிப்பையும் அவன் ஒரு தட்டு தட்டாமல் போக மாட்டான்.

வீட்டிலும் அப்படித்தான். பால்காரர் ஊற்றிய பாலைத் திரும்ப அளப்பான். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பான். சாயங்காலம் அரக்கோணம் ரயில்வே மைதானத்தில் கால்பந்து ஆடுவான். அங்கே அவன் கோல்கீப்பர். பந்து எதிர்ப்பக்கத்துக் கோல் அருகே இருந்தாலும் இவன் குனிந்து, கையை விரித்துத்தான் நிற்பான்.

இப்படிப்பட்டவன் நாற்பத்தோரு வயதில் ஆட்டம் பார்ப்பதற்கென்றே விமானம் ஏறினான். 2024 ஜனவரியில் கத்தார் நாட்டில் ஆசியக் கோப்பை நடந்தது. இந்தியா ஆடியது. கூட ஆடிய பழைய சிநேகிதன் அசோக்குமார், தோஹாவில் மைதானப் புல்லுக்குத் தண்ணீர் விடும் வேலையில் இருந்தான். "மேட்ச் டிக்கெட் நான் எடுக்கறேன், நீ பிளைட்ட மட்டும் பாத்துக்கோ" என்றான். ஆபீசில் எழுதிக் கொடுத்து, வெளிநாடு போகும் அனுமதி வாங்க எல்லப்பனுக்கு ஏழு வாரம் ஆனது. திருத்தணியில் அவன் தெருவில் வேறு யாரும் ஆட்டம் பார்க்கக் கடல் தாண்டியதில்லை.

புறப்படும் முந்தின நாள் சித்தப்பா வீராசாமி வந்தார். அவர் ஒருகாலத்தில் டிரைவர் வேலை என்று ஏஜெண்டை நம்பி வளைகுடாவுக்குப் போய், பாலைவனத்தில் ஆறு வருஷம் ஆடு மேய்த்துவிட்டு வந்தவர். எந்த நாடு என்று கேட்டாலும் பெயர் சொல்ல மாட்டார்.

"எல்லப்பா, பாஸ்போர்ட்டு மட்டும் கைய உட்டுப் போவக் கூடாது."

"நான் இன்னா வேலைக்கா போறேன் சித்தப்பா? ஏழு நாளு. மேட்ச் பாத்துட்டு வந்துகினே இருப்பேன்."

"நானும் ரெண்டு வருசம்னுதான் போனேன். முத மூணு நாளு ராஜ உபசாரம்டா. ஆட்டுக்கறி இன்னா, பேரீச்சம்பழம் இன்னா. ஒரு கேள்வி கேக்கல. நாலாம் நாளு காலைல கையில கோலக் குடுத்துட்டான். சாப்பாடு நல்லா போட்டான்னா இன்னும் உஷாரா இரு."

எல்லப்பனின் அக்கா மனோரமா அன்றே அவனுடைய மூன்று பனியன்களிலும் உள்பக்கமாகப் பை வைத்து, ஜிப் தைத்துக் கொடுத்தாள்.

ஜனவரி பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. தோஹா விமான நிலையத்தில் அசோக்குமார் நின்றிருந்தான். அவன் தங்கும் கேம்பில் வெளியாளைச் சேர்க்க மாட்டார்களாம். அதனால் மைதான வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்திருந்த அபு நாசர் என்பவர், "ஆட்டம் பார்க்க வருகிறவர் என் விருந்தாளி" என்று தன் வீட்டிலேயே தங்க வைக்கச் சொல்லிவிட்டாராம்.

"எவ்ளோ வாங்குவாரு?"

"ஒண்ணும் வாங்க மாட்டாருடா."

"எவன்டா காசு வாங்காம தங்க வெப்பான்?"

"மொதல்ல வண்டில ஏறு, சாமி" என்று அசோக்குமார் கையெடுத்துக் கும்பிட்டான்.

அபு நாசர் வீட்டு வண்டியை ஓட்டியவன் பெயர் மஸ்தான். தாடி வைத்த, பேச்சில்லாத ஆள். அசோக்குமார் அவனிடம் இந்தியில் இரண்டு வார்த்தை பேசினான்.

அபு நாசர் வாசலுக்கே வந்து எல்லப்பன் கையைப் பிடித்து அழைத்துப்போனார். அறுபது வயதிருக்கும். விருந்தாளிகளுக்கென்றே தனியாக ஒரு பெரிய அறை, சுவரை ஒட்டி மெத்தை இருக்கைகள், சாம்பிராணி மாதிரி ஒரு புகை. பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் கசப்புக் காப்பி வந்தது. குடித்து முடித்தால் மறுபடி ஊற்றினார்கள். ஏழாவது கிண்ணத்தில், இதில் எதையோ கலந்திருக்கிறார்கள் என்று எல்லப்பன் முடிவுக்கு வந்தான்.

பிறகு அபு நாசர் சிரித்துக்கொண்டே கையை நீட்டி, "பாஸ்போர்ட்" என்றார்.

எல்லப்பனின் கை பனியனுக்குள் போய் அப்படியே நின்றுவிட்டது. "வீட்டுல வெளியூர் ஆள் தங்கினா பதிஞ்சாகணும்டா. ஆபீஸ்ல பதிஞ்சி குடுத்துடுவாங்க" என்றான் அசோக்குமார்.

"எப்போ குடுப்பாங்க?"

"இன்னிக்கி வெள்ளிக்கிழமை, ஆபீஸ் லீவு. நாளைக்கும் லீவு. ஞாயித்துக்கிழமை தொறப்பாங்க."

"வெள்ளிக்கிழமை லீவு, ஞாயித்துக்கிழமை ஆபீசா? எந்த ஊர்லடா அப்டி?"

"இந்த ஊர்லதான்!"

எல்லார் முன்னாலும் மறுக்க முடியாமல் கொடுத்தான். அசோக்குமார் கேம்புக்குப் போனதும் அக்காவுக்குப் போன் போட்டான்.

அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக் கூடாதது எதுவானாலும் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள். நைனா காலத்திலிருந்தே அப்படி. சென்னையில் துணி எடுக்கப் போனால், விலை குறைப்பதைப் பற்றி அக்காவும் தம்பியும் கடைக்காரர் முன்னாலேயே தெலுங்கில் கலந்து பேசுவார்கள். ஆந்திர எல்லையோரத்துக்காரர்களுக்கு இருக்கிற வசதி அது. அந்த அறையிலும் எல்லப்பன் தெலுங்கில்தான் பேசினான். காப்பிக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டிருந்த மஸ்தானைப் பார்த்தபடியே, "பாஸ்போர்ட்ட வாங்கிட்டாங்க. வண்டி ஓட்டறவன் மூஞ்சியே சரியில்ல. உள்ள கறி வேகற வாசனை வருது, இன்னிக்கி வெள்ளிக்கிழமை, நான் எப்படிச் சாப்பிடறது?" என்றான்.

ஒரு மணி நேரத்தில் சாப்பாடு வந்தது. கறி இல்லை. இட்லி, சாம்பார், தயிர் சாதம்.

வெள்ளிக்கிழமை கறி தின்ன மாட்டேன் என்று இவர்களுக்கு யார் சொன்னது? அசோக்குமாருக்குப் போன் போட்டுக் கேட்டான். "நான் சொல்லலியே" என்றான் அவன். தலையணை உயரமாக இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னான். தட்டையான தலையணை வந்தது. அறையில் ஏதோ ஒட்டுக் கேட்கும் மிஷின் இருக்கிறது என்று நினைத்து, விளக்குக்குப் பின்னாலும் மெத்தைக்கு அடியிலும் தேடினான். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கூடப் பார்த்தான்.

மறுநாள் பிற்பகல் இரண்டரைக்கு ஆஸ்திரேலியாவோடு ஆட்டம். போகும்போது மஸ்தான்தான் வண்டி ஓட்டினான். மைதானம் முழுக்க நம்மவர்கள். செண்டையும் விசிலுமாக மலையாளிகள் ஒரு பக்கத்தையே நிறைத்திருந்தார்கள். இடைவேளை வரை கோல் இல்லை. பந்து நம் கோல் பக்கம் வந்தபோதெல்லாம் எல்லப்பன் இருக்கையிலேயே கையை விரித்துக் குனிந்தான். பிறகு இரண்டு கோல் போட்டுவிட்டார்கள்.

"ஆஸ்திரேலியாகிட்ட ரெண்டோட போனது பெருசுடா" என்றான் அசோக்குமார்.

"என் பாஸ்போர்ட்டு?"

"மேட்ச்ச பாக்க வந்தியா, பாஸ்போர்ட்ட பாக்க வந்தியா?"

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முழு ஆட்டையே சோற்றின் மேல் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். அபு நாசர் நல்ல கறியாகப் பிய்த்துப் பிய்த்து எல்லப்பன் பக்கம் தள்ளினார். ஊர் எது, எதற்காக வந்தாய் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எல்லப்பன் விரல் விட்டு எண்ணினான். வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கள் நாலாம் நாள்.

"காலைல எழுந்ததும் எம்பசிக்கு நடந்தே போயிடறேன்" என்று அக்காவிடம் போனில் தெலுங்கில் சொன்னான். மஸ்தான் தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தவுடன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லப்பன் கேட்டைத் தாண்டினான். கேட் பூட்டியிருக்கவில்லை என்பதே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. இரண்டு தெரு நடந்திருப்பான். பக்கத்தில் வண்டி வந்து நின்றது.

"அண்ணா, எம்பசிக்கு இந்தப் பக்கம் போனா வராது. பின்னாடி போகணும்" என்றான் மஸ்தான், சுத்தமான தெலுங்கில்.

எல்லப்பன் பையை இறுக்கிக்கொண்டான். "உனக்குத் தெலுங்கு..."

"ராயச்சோட்டி பக்கம் எங்க ஊரு. ஆடிக் கிருத்திகைக்கு எங்க ஊர் ஜனங்க உங்க திருத்தணி மலைக்குத்தான் காவடி எடுத்துக்கிட்டு வருவாங்க."

"அப்ப இட்லி..."

"நான்தான் வாங்கிட்டு வந்தேன். தலையணையும் நான்தான் மாத்தினேன்."

"மொத நாளே ஏன் சொல்லல?"

"மூஞ்சி சரியில்லன்னு மொத போன்லயே சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அண்ணா சொல்றது?"

எல்லப்பன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். சித்தப்பாவின் ஆறு வருஷக் கதையைச் சொன்னான். மூன்று நாள் உபசாரத்தையும், நாலாம் நாள் கையில் கொடுத்த கோலையும் சொன்னான். மஸ்தான் சிரிக்கவில்லை.

"மூணு நாளைக்கு விருந்தாளிய எதுவும் கேக்கக் கூடாதுன்னு இவங்களுக்கு ஒரு வழக்கம். அதனாலதான் பெரியவர் உங்கள ஒண்ணும் கேக்கல. ஆனா உங்க சித்தப்பா சொன்னதும் பொய்யில்ல. நான் மொதல்ல இருந்த வீட்ல, ரெண்டு வருஷம் என் பாஸ்போர்ட்ட கண்ணுல காட்டல. எங்கம்மா செத்ததுக்குப் போக முடியல. இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு இவருதான் பேசி, வாங்கி, என் கையில குடுத்தாரு. ஒன்பது வருஷமாச்சு. இத வேற எங்கயாவது வெச்சுட்டு நான் தூங்கினதுகூட இல்ல."

சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட பாஸ்போர்ட்டை எடுத்தான். "உங்களது வர வரைக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும்."

வேறு யாராவதாக இருந்தால் வேண்டாம் என்று கையை மடக்கியிருப்பார்கள். எல்லப்பன் வாங்கிக்கொண்டான். படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டான். எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்தான். முப்பத்தாறு பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டினான். பிறகு பனியன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான்.

அன்று பகல் முழுவதும் மஸ்தான் அவனைக் கடற்கரைக்கும் சந்தைக்கும் கூட்டிக்கொண்டு போனான். போகிற வழியில் மஸ்தானின் கை அடிக்கடி தானாகவே சட்டைப் பைக்குப் போனது. வெறும் பையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. எல்லப்பன் அதைக் கவனித்தான். நாலாவது தடவை, கொடுத்துவிடலாம் என்று ஜிப் வரைக்கும் கையைக் கொண்டுபோனான். கொடுக்கவில்லை. எட்டாவது தடவைக்கு மேல் மஸ்தான் பக்கம் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

சாயங்காலம் நாலு மணிக்கு அபு நாசரே பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து, பதிந்த தாளோடு இரண்டு கையாலும் நீட்டினார். எல்லப்பன் அதை வாங்குவதற்கு முன்னால் பனியனுக்குள் கைவிட்டு மஸ்தானுடையதை எடுத்துக் கொடுத்தான். பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள், நாலாம் நாள், பெரியவர் முதல் கேள்வியைக் கேட்டார். மஸ்தான் தெலுங்கில் சொன்னான்: "எதுக்கு வந்தீங்க, இன்னும் என்ன வேணும்னு கேக்கறாரு."

"ஆட்டம் பாக்க வந்தேன். வர்ற வியாழக்கிழமை ஆட்டத்துக்கு இன்னொரு டிக்கெட் கெடைக்குமான்னு கேளு. உனக்குத்தான்."

ஒன்பது வருஷமாக யார் யாரையோ மைதான வாசலில் இறக்கிவிட்ட மஸ்தான், பதினெட்டாம் தேதிதான் முதல் தடவையாக உள்ளே போய் உட்கார்ந்தான். உஸ்பெகிஸ்தான் மூன்று கோல் போட்டது. எல்லப்பனும் மஸ்தானும் தெலுங்கில் நடுவரைத் திட்டினார்கள். முன் வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி, தானும் சித்தூர்க்காரன்தான் என்றார்.

திருத்தணிக்கு வந்த மறுநாள் வீராசாமி வந்தார். பேரீச்சம்பழப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, "பாஸ்போர்ட்டு எங்க?" என்றார். எல்லப்பன் எடுத்துக் கொடுத்தான். அவர் அதை முகர்ந்து பார்த்தார். அந்த வீட்டுப் புகை வாசனை இன்னும் அதில் இருந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடந்ததையெல்லாம் எல்லப்பன் சொன்னான்.

"அந்தப் பையனுது திருப்பிக் குடுத்தியே, பிரிச்சிப் பாத்துக்கினானா?"

"இல்ல சித்தப்பா. அப்டியே சட்டைப் பையில போட்டுக்கினான்."

"ஒரு பக்கங்கூடப் பொரட்டல?"

"பொரட்டல."

வீராசாமி பெட்டியைப் பக்கத்தில் இழுத்து ஒரு பழத்தை எடுத்தார். இரண்டாகப் பிளந்து உள்ளே என்ன இருக்கிறது என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, வாயில் போட்டுக்கொண்டார்.