களிமண் மேட்டில் பனிச்சறுக்கு

இன்றுவரை நான் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் இறுகிய பனியில் இறங்க எந்தச் சறுக்குக் கட்டை வேண்டும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். விருத்தாசலத்தில் அந்த அறிவை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இங்கே சித்திரை மாதத்தில் ரோட்டுத் தார் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். வடக்கே, பனிமலையில் வேலை. அறுபதுகளின் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம். தாலி கட்டிய கையோடு ரயிலேறிப் போனவர், அதன்பிறகு லீவுக்கு வந்து போகிற விருந்தாளி ஆகிவிட்டார். நான் மாமியார் வீட்டில் நாத்தனார்களோடு ஒரே அறையில் படுத்து, விடிந்ததும் செராமிக் கம்பெனிக்குப் போய், சூளைக்குப் போகாத பச்சைக் கோப்பைகளுக்கு ஈரத்துணியால் விளிம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். சேத்தியாத்தோப்பிலிருந்து அம்மா வந்தால் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "எப்பத்தான் கூட்டிக்கினு போவாராம்?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு கார்த்திகை மாத லீவில் அவர் முகமெல்லாம் பல்லாக வந்தார். சறுக்குப் பயிற்சி தரும் வாத்தியார் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். தேறினால் மலையடிவாரத்தில் குடும்பத்தோடு இருக்கக் குவார்ட்டர்ஸ் உண்டாம். எங்களுக்கென்று ஒரு கதவு, அதற்கு ஒரு தாழ்ப்பாள். அன்றைக்கு நான் ஆசைப்பட்ட ஆசையை நினைத்தால் இப்போது என் மேல் எனக்கே இரக்கமாக இருக்கிறது.

பனிக்காலம் முடியும் சமயத்தில் சோதனை. எல்லோரும் சறுக்கிச் சறுக்கி இறுக்கிவிட்ட சரிவில் இறங்க வேண்டும். ஸ்டோரில் காலில் மாட்டுகிற சறுக்குக் கட்டை இரண்டு வகை இருக்கும். ஒன்று அகலமானது, அடிப்பக்கம் வழுவழுவென்று இருக்கும். மற்றது ஒடுக்கமானது, ஓரம் நெடுக இரும்புப் பட்டை பதித்தது. யார் எதை எடுக்கிறார்கள் என்பதையும் பார்ப்பார்கள். அவர் அதுவரை சறுக்கியதெல்லாம் புதிதாக விழுந்த மெத்தென்ற பனியில், அகலக் கட்டையில். வகுப்பு ஹிந்தியில் நடக்கும், பாதி புரியாது. எழுந்து சந்தேகம் கேட்டால் மதராசி என்று சிரிப்பார்களாம். அதனால் இறுகிய பனிக்கு எந்தக் கட்டை சரி என்று கேட்காமலே ஊருக்கு வந்துவிட்டார்.

ஊரில் சோதித்துப் பார்க்க என்ன இருக்கிறது? களிமண் இருக்கிறது. கம்பெனிக்குப் பின்னால் கழிவுக் குழம்பைக் கொட்டிக் கொட்டி ஒரு மேடு வளர்ந்திருந்தது. மேலே வெள்ளையாக இறுகிக் கிடக்கும். கார்த்திகை மழையில் பளபளவென்று வழுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோப்பை அடுக்குகிற பழைய பலகைகளைக் கேட்டு வாங்கி இரண்டு ஜோடி செய்தார். ஒரு ஜோடிக்கு மட்டும் பெட்டி கட்டுகிற இரும்புப் பட்டையை ஓரத்தில் அடித்தார். டயர் வாரால் காலில் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறினார். தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

வெறும் பலகையில் அழகாக வழுக்கிக்கொண்டு வந்தார். கைதட்டினார்கள். இரும்பு அடித்த பலகை பாதி வழியிலேயே களிமண்ணைக் கீறி உள்ளே இறங்கி நின்றுவிட்டது. பலகை நின்றது, இவர் நிற்கவில்லை. குப்புற விழுந்து, முகமெல்லாம் வெள்ளையாக எழுந்து வந்தார்.

ஊர் முழுக்கக் களிமண்ணில் கைவைத்துப் பிழைக்கிற ஜனம். ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். "மேல எவ்ளோ கெட்டியா இருந்தாலும் உள்ள ஈரம் இருக்கும்யா. இரும்பு போட்டா இறங்கத்தான் செய்யும்" என்றார் சூளை மேஸ்திரி. எல்லோரும் தலையாட்டினார்கள்.

"பனியும் களிமண்ணும் ஒண்ணாங்க?" என்று நான் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ரெண்டும் வெள்ளையா இருக்குது, இறுகுது, வழுக்குது. வேற என்னாடி வேணும் உனுக்கு?" என்றார். தொழில் தெரிந்தவர்கள் அத்தனை பேர் சொன்னபிறகு நானும் அடங்கிப்போனேன். லீவு முடிந்து அவரை ரயிலேற்றிவிட்டு வரும்போது, குவார்ட்டர்ஸுக்கு என்னென்ன பாத்திரம் எடுத்துப்போவது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

ஆடியில் அவரைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். வலது முழங்கால் நொறுங்கி, மடங்காமல் போயிருந்தது. பட்டாளம் இனி வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. கூட வந்த கம்மாபுரத்துச் சிப்பாய் என் முகத்தைப் பார்க்காமலே நடந்ததைச் சொன்னார்.

"பனி அன்னைக்கு சூளையில வெந்த பீங்கான் தட்டாட்டம் கெடந்துதுங்க அண்ணி. ஈரமாவது ஒண்ணாவது. இரும்பு ஓரம் கடிச்சாத்தான் திரும்ப முடியும், நிக்க முடியும். எல்லாரும் அதத்தான் எடுத்தாங்க. அண்ணன் மட்டும் மொட்டக் கட்டைய எடுத்தாரு. வேணாம்னு எவ்ளவோ சொன்னோம். 'நான் ஊர்லயே பாத்துட்டு வந்துட்டன்'னு சொல்லிட்டாரு."

பாறையில் போய் மோதும்வரை அந்தக் கட்டை எதையும் பிடிக்கவில்லையாம்.

அதற்குப்பிறகு அவர் எங்கேயும் போகவில்லை. கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். சில மாதம் போனார், பிறகு நின்றுவிட்டார். நாத்தனார்கள் கல்யாணமாகிப் போனார்கள், அறை எங்களுக்கே கிடைத்தது. அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். நான் வேலைக்குப் போவேன், வருவேன், பாத்திரங்களை நங்கென்று வைப்பேன். பேசுவது என்றால் திட்டுவதுதான். அந்த மேட்டை, மேஸ்திரியை, அவருடைய பிடிவாதத்தை. அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வார். எழுபதுகள் முக்கால்வாசி இப்படியே ஓடியது.

ஒருநாள் சோறு போடும்போது பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "அத்தனை பேரு வேணாம்னு சொன்னாங்களே, அவங்க பேச்சக் கேட்டா என்னாங்க?"

அவர் தட்டைப் பார்த்தபடி சொன்னார். "அந்தப் பனியப் பத்தி அவங்களுக்குத்தான் தெரியும்னு எனுக்குந் தெரியும். ஆனா ஒரே ஒரு தடவதான் எறங்க வுடுவாங்க. தப்பாப் போனா உன்ன இங்கியே வுட்டுட்டு இருக்கணுமேன்னு பயம். கண்ணால பாத்தத நம்புனன்."

அதுவரை அவர்மேல் இருந்த கோபம் ஒன்றுதான் என்னை நடமாட வைத்துக்கொண்டிருந்தது. அதையும் வாங்கிக்கொண்டு அவர் சாப்பிட ஆரம்பித்தார்.