கருப்பட்டி தின்ற இகுவானோதோன்

சைகோன் நகரத்தின் முதல் டைனோசர் எங்கள் வீட்டுக் குளியலறையில்தான் பிறந்தது. எழுந்து நின்றால் கத்தீட்ரல் கோபுரத்துக்குள் எட்டிப் பார்க்கும். நடந்தால் கத்தினா தெருவின் கடைக் கண்ணாடிகள் அத்தனையும் கிடுகிடுக்கும்.

சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். உயரம் என் இடுப்பளவுதான். அது ஒருநாளும் நடந்ததில்லை. ஆனால் நின்றது. அது நிற்பதில் என் அண்ணனுடைய வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஒருத்தி பட்டாணி உரித்துக்கொண்டு, நான் வாசிக்க வாசிக்கக் கேட்கிறாள். பொய் அதிகமானால் இருமுவாள். கோபுரத்துக்கு இருமிவிட்டாள்.

என் அண்ணன் பெயர் கஸ்தோன். அப்பா காலத்தில் பாண்டிச்சேரியிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அண்ணன் சுங்க அலுவலகத்தில் எழுத்தர். வெள்ளை ட்ரில் துணிக் கால்சட்டை, நுனி முறுக்கிய மீசை, எந்த விஷயத்தைப் பற்றிக் கேட்டாலும் "அது எனக்குத் தெரியுமே" என்று ஆரம்பிக்கும் வாய். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், அவனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் ஏவ்லின், கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு ஆசிரியை. அவளுடைய அப்பா கப்ரியேல் ஒரு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் செர்ழான் என்ற சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் எப்போதும் ஒரு பிரம்பு. எதையும் அதைக்கொண்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். நாற்காலியைத் தட்டிவிட்டுத்தான் உட்காருவார். பலாப்பழத்தைத் தட்டுவது எல்லோரும் செய்வது. அவர் ரொட்டியையும் தட்டுவார். அன்றைக்கு என் அண்ணனின் முழங்காலைத் தட்டினார்.

"தம்பிக்கு ஆபீசுல எழுதறதைத் தவிர வேற என்ன தெரியும்?"

"உருவம் செய்வேங்க மாமா. மண்ணுல, சாந்துல, எதுல கேட்டாலும்."

என் அம்மா ரோஸ் என் காதருகே குனிந்தாள். "இவன் எப்ப செஞ்சான்? கொழுக்கட்டை பிடிக்கச் சொன்னாலே பிதுக்கிடுவானே."

அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம், சுவரில் மாட்டியிருந்த படம். ஏவ்லின் வகுப்புக்காக வரைந்தது. ஆதிகாலத்து மிருகம் ஒன்று, மனிதனைப் போல இரண்டு காலில் நின்று, வாலை மூன்றாவது காலாக ஊன்றிக்கொண்டு, கட்டைவிரலில் முள்ளை நீட்டிக்கொண்டிருந்தது. கீழே அழகான எழுத்தில் இகுவானோதோன் என்று பெயர். நல்ல பெண்ணைக் கண்டால் படத்தைப் புகழ்வான் மற்றவன். என் அண்ணன் படத்தை மிஞ்சப் பார்த்தான்.

காப்பி கொண்டுவந்த ஏவ்லின் தட்டைக் கீழே வைக்காமலே கேட்டாள். "அப்ப இதை உருவமா செஞ்சு தருவீங்களா? பரிசளிப்பு விழாவுக்கு வேணும். படத்தைக் காட்டினா பிள்ளைங்க ஓணான்னு சொல்லுதுங்க."

"வுய், மத்முவசேல்" என்று உடனே தலையாட்டினான் அண்ணன்.

கப்ரியேல் பிரம்பைத் தரையில் ஊன்றினார். "நல்லது. விழா அன்னைக்கு அது தானா நிக்கணும். நான் தட்டிப் பாப்பேன். நின்னுச்சுன்னா கல்யாணத் தேதி பேசுவோம். விழுந்துச்சுன்னா, ஹனோயில தபால் ஆபீசுல ஒரு பையன் இருக்கான், அவனுக்கு வாக்கு கொடுத்துடுவேன். வாய்ப்பேச்சுக்காரனுக்கு நான் பொண்ணு கொடுக்கறதில்ல."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கஸ்தோன் ஒரு விளக்குக் கம்பத்தில் மோதி, தொப்பியைக் கழற்றி அதனிடம் "பர்தோன்" என்றான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் ஏவ்லினைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டான் என்று.

சோலோனில் பானை செய்கிறவர்களிடமிருந்து களிமண் வந்தது. குளியலறையில் இருந்த தண்ணீர்ச் சாடி வெளியேற, மிருகம் குடியேறியது. முதல் நாள் உடம்பு வந்தது, தலை வந்தது. அன்று மாலையே கழுத்து மெதுவாகக் குனிந்து, தலை மார்பில் சாய்ந்து, பிரசங்கத்தின்போது தூங்கும் கோயில்பிள்ளையைப் போல ஆகிவிட்டது. நான் ப்ரெவே பரீட்சை தேறியவள். எலும்பு என்று ஒன்று உண்டு என்பதை எடுத்துச் சொன்னேன். மூங்கிலைக் கட்டி உள்ளே வைத்தபிறகு தலை நிமிர்ந்தது. அம்மா குளியலறை வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நோவாவே தன் பெட்டியில ஏத்தல. இவன் என் குளிக்கிற இடத்துல ஏத்தறான்."

களிமண் உருவத்தை அப்படியே கொண்டுபோனால் காய்ந்து வெடிக்கும். அதனால் அதன்மேல் பாரிஸ் சாந்தை ஊற்றி அச்சு எடுத்து, அச்சுக்குள் புதுச் சாந்தை அப்பி வார்க்க வேண்டும் என்று ஏதோ பிரெஞ்சுப் பத்திரிகையில் படித்திருந்தான். பாரிஸ் சாந்து விற்பது மருந்துக்கடையில், எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போட. மூட்டை மூட்டையாகக் கேட்டதும் கடைக்காரத் துரை பதறினார்.

"யாருக்கு அடிபட்டிருக்கிறது?"

"யாருக்கும் இல்லை முசே. அது செத்து ரொம்பக் காலமாகிறது."

முதல் அச்சு எடுத்த கதையைக் கேளுங்கள். உருவத்தை ஒயின் பெட்டிக்குள் நிறுத்தி, கழுத்துவரை, தலைவரை, தலைக்கு மேலும் சாந்தை ஊற்றினான். கட்டியாயிற்று. தட்டினால் கணீரென்றது. பெருமையோடு நின்றவன் திடீரென்று கேட்டான். "ஒடெட், இதை எப்படித் திறக்கறது?" அச்சை இரண்டு பாதியாக எடுக்க வேண்டும் என்பது அந்தப் பத்திரிகையின் அடுத்த பக்கத்தில் இருந்தது. கல்லறை போல இருந்த அந்தக் கட்டியை இன்றுவரை எங்கள் வீட்டில் துணி துவைக்கத்தான் பயன்படுத்துகிறோம். இகுவானோதோன் உள்ளேதான் இருக்கிறது.

இரண்டாவது உருவம் செய்தோம். நடுவே தகரத்தைச் செருகித் தடுத்து, சோப்பைக் குழைத்துத் தடவி, முன்பாதி பின்பாதி என்று அச்சு எடுத்தோம். வாலுக்குத் தனி அச்சு. சோதனைக்காக முதலில் ஒரு பாதத்தை மட்டும் வார்த்தோம். சாந்து இறுகும்போது சூடாகும் என்பது எங்களுக்குத் தெரியாது. தொட்டுப் பார்த்த அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"காய்ச்சல் அடிக்குதுடா இதுக்கு."

பாதம் அழகாக வந்தது, விரல் நகம் உட்பட. கஸ்தோன் அதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடி, செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த கிட்டங்கியில் இருக்கும் தண்டாயுதபாணியிடம் காட்டினான். காட்டியதோடு நின்றிருக்கலாம். கப்ரியேலின் பிரம்பை நினைத்து, எவ்வளவு உறுதி பாருங்கள் என்று மேசைமேல் ஒரு தட்டுத் தட்டினான். பாதம் பொடியாகிப்போனது.

தண்டாயுதபாணி செட்டிநாட்டுக்காரர். ஊரில் அரண்மனை போல வீடு கட்டி வைத்துவிட்டு, சைகோனில் கிட்டங்கிப் பாயில் படுத்திருப்பவர். வீடு கட்டுவதைப் பற்றி யாராவது பேச மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவர். அவர் பொடியை விரலால் நசுக்கி முகர்ந்தார்.

"தம்பி, வெறும் தண்ணியவா ஊத்துனீக?"

"ஆமாங்க."

"அதானே பாத்தேன். எங்க பக்கம் சாந்து அரைக்கிறப்ப கடுக்காயும் கருப்பட்டியும் ஊறப்போட்ட தண்ணியத்தான் ஊத்துவாக. எங்கப்பச்சி கட்டுன சுவத்துல ஆணி அடிச்சா ஆணிதான் வளையும். வெள்ளைக்காரனுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?"

அது சுண்ணாம்புச் சாந்துக்கான வித்தை. பாரிஸ் சாந்து வேறு சாதி. அதில் கருப்பட்டி விழுந்தால் இறுகவே யோசிக்கும். இது செட்டியாருக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது, ப்ரெவே தேறிய எனக்கும் தெரியாது. தமிழ் நாக்கு உள்ள யாரும் அந்த யோசனையை மறுத்திருக்க மாட்டார்கள். நாகூர்க்காரர் மஸ்தான் கடையில் கடுக்காய் கிடைத்தது. கருப்பட்டி அம்மாவின் அடுக்களையிலிருந்து காணாமல் போனது.

அந்தத் தண்ணீரில் குழைத்த சாந்தை அச்சின் இரண்டு பாதியிலும் அப்பி, சேர்த்துக் கட்டி, காத்திருந்தோம். சூடே வரவில்லை. காய்ச்சல் இல்லை என்று அம்மா நிம்மதியடைந்தாள். நாள் போனது. விழாவுக்கு முதல் நாள் வேறு வழியில்லாமல் அச்சைப் பிரித்தோம்.

கண்ணைக் கவரும் மிருகம். கடுக்காய்ச் சாறு ஊறி, சாயமே தேவையில்லாமல் உயிருள்ள தோலின் பழுப்பு. அச்சோடு ஒட்டிக் காய்ந்த மேல்பக்கம் ஓடு போல இருந்தது. வால் பொருத்த விட்டிருந்த ஓட்டைவழியே உள்ளே தொட்டுப் பார்க்க எங்களுக்குத் தைரியம் இல்லை. வாலைக் கஞ்சிப் பசை கலந்த சாந்தால் ஒட்டினோம். மிருகம் நின்றது. கஸ்தோன் மட்டும் உட்கார்ந்துவிட்டான், நிம்மதியில்.

மறுநாள் காலை அதன்மேல் எறும்பு ஊர்வலம். ஊதினோம், துடைத்தோம், மஞ்சள் தூவினோம். நாங்கள் குடியிருந்த தாக்காவ் பேட்டையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ரிக்‌ஷாவில்தான் கொண்டுபோனோம். வெள்ளைத் துப்பட்டியால் போர்த்தி அண்ணன் அதைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்க, நான் இன்னொரு ரிக்‌ஷாவில் பின்னால். புனிதரின் சுரூபம் போகிறது என்று நினைத்து வழியில் உள்ளூர் அன்னமியப் பெண்கள் முழந்தாளிட்டார்கள். ஒரு போலீஸ்காரன் போக்குவரத்தையே நிறுத்தி வணக்கம் வைத்தான். அண்ணன் தலையசைத்து ஏற்றுக்கொண்டான். (இங்கே இருமல். சரி, போலீஸ்காரன் மூக்கைச் சொறிந்திருக்கலாம்.)

பள்ளிக்கூட மண்டபத்தில் ஏவ்லின் இடம் தயாராக வைத்திருந்தாள். சுவர் ஓரமாக மேசை, பின்னால் ஆதிகாலக் காடு என்று வாழையிலையும் பெரணியும் கட்டிய தட்டி. மிருகத்தை ஏற்றி வைத்ததும், பதற்றத்தில் இருந்த அண்ணனையும் என்னையும் முன்வரிசைக்குப் போகச் சொல்லிவிட்டு, அவள் மட்டும் மேசை ஓரத்தில், தட்டியை ஒட்டி நின்றாள்.

அன்று அவள் நடந்துகொண்ட விதத்தை நான் நெடுங்காலம் மனத்தில் வைத்திருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிள்ளைகள் மிருகத்தைப் பார்த்துக் கத்தினார்கள், மண்டபமே கைதட்டியது, அவள் தட்டவில்லை. மடத்துத் தலைவி வந்து பாராட்டிக் கை நீட்டினார். எந்தப் பெண்ணும் செய்யாததை ஏவ்லின் செய்தாள், இடது கையைக் கொடுத்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு விறைப்பாக நின்றாள். ஹனோய்ப் பையனை நினைத்துக்கொண்டிருக்கிறாள், திமிர் பிடித்தவள் என்று, பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த அம்மாவிடம் முணுமுணுத்தேன்.

பிறகு கப்ரியேல் வந்தார். கஸ்தோன் எழுந்து ஓடி மேசைக்கு முன்னால் நின்றான். அவன் மீசை நுனி நடுங்கியது என் இடத்திலிருந்தே தெரிந்தது.

கப்ரியேல் குனிந்து பார்த்தார். "இதென்ன தம்பி, எறும்பு?"

"அந்தக் காலத்துப் பூச்சிங்க மாமா. பொருத்தமா இருக்கட்டும்னு விட்டேன்."

கப்ரியேல் பிரம்பை ஓங்கினார். மிருகத்தின் மார்பில் ஒரு தட்டு. நின்றது. முழங்காலில் ஒரு தட்டு. நின்றது. பிறகு பிரம்பு முனையை வயிற்றில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார், பட்டாளத்தில் புதுப் பையன்களைத் தள்ளிப் பார்ப்பது போல. இகுவானோதோன் கொஞ்சம் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து, நேராக நின்றது.

"போன், நல்லது" என்றார் கப்ரியேல். "ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா. தேதி பேசலாம்."

அவர் லிமோனாத் பானம் வைத்திருந்த பக்கம் திரும்பியதுதான் தாமதம். மிருகம் பெருமூச்சு விட்டது போல மெல்ல முழங்காலை மடித்தது, மேசைமேல் உட்கார்ந்தது, முகவாயை மார்பில் வைத்துக் கண்ணயர்ந்தது. கஸ்தோன் அதன் தலையைத் தடவி, "கருப்பட்டி, ஒடெட், எல்லாம் கருப்பட்டி. வேலை முடியற வரைக்கும் தாங்குச்சு பாரு" என்றான். அப்படித்தான் என் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. அப்படித்தான் கொச்சின்சைனாச் சீமையில் ஒரு மிருகம் வாக்குத் தவறாமல் நின்றது.

இவ்வளவையும் வாசித்து முடித்தேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்த என் அண்ணி ஏவ்லின் இந்தத் தடவை இருமவில்லை. கிண்ணத்தை ஒதுக்கி வைத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க ஒடெட். ஆனா அது நிக்கல."

"என் கண்ணால பாத்தேனே அண்ணி."

"நீ முன்னாடி இருந்து பாத்த. மேசையில வச்ச உடனே வால் கழண்டு விழுந்துடுச்சு. அதைக் காலால மேசைக்கடியில தள்ளிட்டு, அந்த ஓட்டையில வலது கையை விட்டுப் பிடிச்சுக்கிட்டேன். உள்ள பூரா அல்வா. அப்பா தள்ளினப்ப பின்னால போனது மிருகமில்ல, நான்."

"அப்ப அந்த மடத்துத் தலைவிக்கு இடது கையைக் கொடுத்தது?"

"வேற எந்தக் கையைக் கொடுக்கச் சொல்ற? எறும்பு முழங்கை வரைக்கும் ஏறிடுச்சு. அப்பா 'போன்'னு சொன்னதும்தான் கையை எடுத்தேன்."

உள் அறையிலிருந்து கஸ்தோனின் குறட்டை கேட்டது. அண்ணி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இதை மட்டும் எழுதிடாத. அவரு இன்னமும் கருப்பட்டின்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்காரு."