குறை கேட்கும்போது கையை எங்கே வைப்பது

அக்காவின் பழுப்புச் சுவெட்டரில் பைகள் இரண்டும் முழங்கால்வரை தொங்கும். குளிர் ஒரு சாக்குத்தான். யாராவது குறை சொல்ல வந்தால் கைகளை அதற்குள் பூட்டிக்கொள்வார். ஹட்டன் பஜாரில் ஒரு தையற்கடையின் மேல்மாடியில், ஒரு கணினி மொழியைத் தமிழில் பழக்கும் எங்கள் சிறிய குழுவை, எல்லாரும் அக்கா என்று கூப்பிட்ட அவர்தான் நடத்திவந்தார். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடுவார்கள்: பிழைச் செய்தி விளங்கவில்லை, கையேடு வேறேதோ சொல்கிறது. அந்த மொழியை நானே பெற்று வளர்த்ததுபோல, "கையேட்ட ஒழுங்கா வாசிச்சீங்களா?" என்று பாய்வேன். பிறகு பதற்றத்தில் விசைப்பலகையைப் பிடுங்கி நானே தட்டி, "பாத்தீங்களா, வேலை செய்யுது" என்பேன். அது வேலை செய்யும். வந்தவர்தான் மறுநாள் வரமாட்டார்.

அக்காவோ வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மொதல்ல இருந்து செஞ்சு காட்டுங்க, பாக்கிறேன்" என்பார். குறை தவறென்றால் அதையும் சொல்வார், பார்த்த பிறகு. ஒருமுறை என்னிடம், "மழையில வழுக்கி விழுந்தவங்ககிட்ட நடக்கத் தெரியுமான்னா கேப்பீங்க தம்பி? எங்க வழுக்குச்சுன்னு கேளுங்க. பழகிப்போன நமக்கு அந்த எடம் கண்ணுலயே படாது" என்றார்.

அவர் வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போய்விட்டார். குழு இப்போது என் தலையில். போன வாரம் பொகவந்தலாவையிலிருந்து ஒரு டீச்சர், "இது நமக்காகச் செஞ்ச மாதிரி இல்ல, விலகுறேன்" என்று எங்கள் குழுவின் செல்பேசி அரட்டையில் எழுதினார். "நாங்க எல்லாம் இப்படித்தான் படிச்சோம்" என்று பழையவர்கள் மொய்த்தார்கள். இப்படியே போனால் பழையவர்கள் நாங்கள் மட்டுமே ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு மிஞ்சுவோம். நானும் நாலு பத்தி மறுப்பு எழுதி, தேத்தண்ணி குடித்து, அழித்துவிட்டு, ஒரு தடவை வந்து செஞ்சு காட்டுங்க என்று மட்டும் கேட்டேன்.

சனிக்கிழமை டீச்சர் நனைந்துகொண்டு வந்தார். "வந்தா மட்டும் மாறிருமா சார்?"

கைகளை ஜாக்கெட் பைக்குள் விட்டேன். அவர் தொடங்கினார். என் விரல் பையின் ஓட்டைவழியாக விசைப்பலகையைத் தேடியது. நான் எழுதிய கையேட்டின் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். புதுக் கோப்பைத் திறக்கச் சொன்ன நான், அதை எங்கே சேமிப்பதென்று எழுதவே இல்லை.

"இந்த எடம்தான்."

"ஆமாங்க டீச்சர். எழுதல."

"எப்ப மாத்துவீங்க?"

"இன்னைக்கே."

"மாத்திட்டுச் சொல்லுங்க, பாக்கிறேன்" என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். இருப்பேன் என்று சொல்லவில்லை. விலகுகிறேன் என்றும் மறுபடி சொல்லவில்லை. அலுப்பாக இருந்தது. எத்தனையாவது முறையோ, மீண்டும் முதல் பக்கம். கைகளை வெளியே எடுத்தேன். பையின் ஓட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.